கெட்டுப்போன கொய்யாவில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து பெக்டினேஸ் எடுத்துச் சாறு பிழியலாமா?

கேள்வி: கிளமெண்டி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் சிங்கப்பூரின் மேற்கு வட்டாரத்தில் உள்ள ஓர் உணவங்காடி நிலையத்தில் பழச்சாற்றுக் கடை நடத்தி வருகிறோம். ஆரஞ்சு, தர்பூசணி, கரும்பு ஆகியவற்றில் எங்களுக்குத் தொல்லை இல்லை. கொய்யாவும் சவர்சாப்பும் (முள் சீத்தா) தான் படுத்துகின்றன. நன்றாகப் பழுத்த கொய்யாவை அரைத்துத் துணியில் இட்டுப் பிழிந்தால், சாறு இறங்குவதற்குப் பதிலாகக் கூழ் துணியின் கண்களை அடைத்துக்கொண்டு கஞ்சிப் பசைபோல் நின்றுவிடுகிறது. தண்ணீர் ஊற்றித் தளர்த்தினால் சுவை போய்விடுகிறது, அதை வாடிக்கையாளர் முதல் மிடறிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், இது பழத்தின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் என்னும் பொருள் செய்யும் வேலை என்றும், பூஞ்சைகள் சுரக்கும் பெக்டினேஸ் என்னும் நொதியைச் சேர்த்தால் கூழ் இளகிச் சாறு பிரியும் என்றும் சொல்கிறாள். கடையில் ஒதுக்கி வைத்திருந்த கெட்ட கொய்யாவில் படர்ந்த கறுப்புப் பூஞ்சையையும், வேறு சில பழங்களில் இருந்த மூன்று பூஞ்சைகளையும் எடுத்துக் கல்லூரி ஆய்வகத்தில் உருளைக்கிழங்கு அகார் என்னும், பூஞ்சை வளர்க்கும் ஊட்டக் கட்டியில் வளர்த்திருக்கிறாள். அயோடின் கரைசலை ஊற்றியபோது தட்டு முழுவதும் நீலமாகி, கறுப்புப் பூஞ்சையைச் சுற்றி மட்டும் அகன்ற வெளிர் வளையம் தெரிந்ததாம். அதையே தன் திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறாள். எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் மழைக்குப் பின் முளைக்கும் காளான்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறாள்.

இவளுடைய வழி சரியா, இந்த நொதியை எப்படித் தயாரிப்பது, தயாரித்ததைக் கடையில் பயன்படுத்தலாமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கடைசிக் கேள்வி என் கணவருடையது. நொதி வாங்கும் செலவு மிச்சமாகும் என்று அவர் இப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.


பதில்: ஓய்வுபெற்ற ஆய்வகர்

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நுண்ணுயிர் ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் கண்ட அந்த வளையத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

உருளைக்கிழங்கு அகாரில் கிழங்கின் மாவுச்சத்து கலந்திருக்கும். அயோடின் பட்டதும் தட்டு நீலமானது மாவுச்சத்தினால்தான். எனவே பூஞ்சையைச் சுற்றித் தெரிந்த வெளிர் வளையம், அது மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸைச் சுரக்கிறது என்பதற்குத்தான் சான்றாகுமே தவிர, பெக்டினேஸுக்குச் சான்றாகாது. அதோடு, அந்த அகாரில் குளுக்கோஸும் தாராளமாக உண்டு. எளிதில் கிடைக்கும் சர்க்கரை தீரும்வரை பூஞ்சை பெக்டினை உடைக்கும் நொதிகளை அடக்கியே வைத்திருக்கும். பாயசம் பரிமாறிய இலையில் யாரும் முதலில் எலும்பைக் கடிப்பதில்லை அல்லவா? ஆகவே, பெக்டினை மட்டுமே கரிம உணவாகக் கொண்ட அகாரில்தான் சோதனையைச் செய்ய வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு பெக்டின், சிறிதளவு அம்மோனியம் உப்பு, பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், அகார் ஆகியவற்றைக் கலந்து, பிஎச் அளவை 5-ஐ ஒட்டி வைத்து, 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வளர்த்தபின் அயோடினோ ருத்தீனியம் சிவப்புச் சாயமோ ஊற்றிப் பார்க்கட்டும். நான்கு பூஞ்சைகளையும் மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் தட்டில் முந்தியது இரண்டாவது தட்டிலும் முந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

காளான்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மரத்தடியிலும் பட்டையிலும் வளர்பவை பெரும்பாலும் மரத்திலுள்ள லிக்னினையும் செல்லுலோஸையும் உடைத்து வாழப் பழகியவை. பழத்தில் முதலில் புகுந்து அதைக் குழையச் செய்யும் பூஞ்சைகளுக்கோ, செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை உடைப்பதே பிழைப்பு. அழுகிய பழத்தைத் தொட்டதும் விரல் உள்ளே இறங்குகிறதே, அது அவற்றின் கைவேலை. உங்கள் கடைக் குப்பைக் கூடையே போதிய அளவு நல்ல வேட்டைக்களம். அது உங்கள் பொருள் என்பதால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் எதையும் சேகரிப்பதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற வேண்டும் என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள்.

தற்செயலாகக் கிடைத்த காட்டுப் பூஞ்சை பெரிய தொழிலுக்கே அடித்தளமாக அமைந்ததுண்டு. இன்று உலகெங்கும் செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதியைத் தயாரிக்கப் பயன்படும் டிரைக்கோடெர்மா ரீசி, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கித்தான் துணிகளை மக்கச் செய்த பூஞ்சையின் வழி வந்தது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியோரியா நகரில் ஒரு கெட்டுப்போன முலாம்பழத்தில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெனிசிலின் உற்பத்தி பெருகியது. ஆனால் இரண்டு கதைகளிலும், பூஞ்சை கிடைத்த நாளுக்கும் அது ஆலைக்குப் பயன்பட்ட நாளுக்கும் இடையில் பலர் தேர்ந்தெடுத்தும் மாற்றியும் சோதித்தும் உழைத்த உழைப்பு இருக்கிறது.

தயாரிப்பு முறைக்கு வருகிறேன். மாணவர் திட்டப்பணிக்கு, ஈரமான திடப்பொருளின் மேல் பூஞ்சையை வளர்க்கும் திட நிலை நொதித்தலே பொருத்தமானது. பத்து கிராம் கோதுமைத் தவிட்டில், காயவைத்துப் பொடித்த பம்ளிமாஸ் தோலையோ ஆரஞ்சுத் தோலையோ கலந்துகொள்ளலாம். உலர்ந்த நாரத்தை இனத் தோலில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு பெக்டின் இருப்பதால், நொதியைச் சுரக்கத் தூண்டும் பொருள் அதிலேயே கிடைத்துவிடுகிறது. சீனப் புத்தாண்டுக்குப் பின் பம்ளிமாஸ் தோலுக்கு இங்கே பஞ்சமே இராது. ஊட்ட உப்புக் கரைசல் தெளித்து ஈரப்பதத்தை நூற்றுக்கு 60 முதல் 65 வரை கொண்டுவர வேண்டும். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பிறகு ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, ஆறியபின் பூஞ்சை வித்துகளைத் தூவி, 30 டிகிரியில் மூன்று அல்லது நான்கு நாள் வளர்க்க வேண்டும். இழைகள் தவிட்டைக் கட்டியாகப் பிணைத்துவிடும். உள்ளே சூடு தங்கிப் பூஞ்சை வாடாதிருக்க, குடுவையை நாளுக்கொரு முறை மூடியபடியே தட்டி உதிர்த்துவிடுவது நல்லது. பின்னர் தவிட்டைப் போல் பத்து மடங்கு, பிஎச் அளவு மாறாமல் காக்கும் அசிட்டேட் தாங்கல் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் குலுக்கி, துணியில் வடிகட்டி, மையவிலக்கியில் சுழற்றினால் மேலே நிற்கும் தெளிவான பழுப்பு நீரே பண்படாத நொதிக் கரைசல். அதை 4 டிகிரியில் குளிரூட்டி வைக்கலாம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அந்தப் பழுப்பு நீரைக் கடைச் சாற்றில் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கக் கூடாது. கறுப்புப் பூஞ்சை அஸ்பெர்ஜில்லஸ் நைஜராக இருக்கலாம். வணிக பெக்டினேஸில் பெரும்பகுதி அந்த இனத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதே இனத்தின் சில வகைகள் ஓக்ராடாக்சின் என்னும் நஞ்சையும், வேறு சில ஃபுமோனிசினையும் சுரக்கின்றன. ஓக்ராடாக்சின் சாற்றைச் சூடாக்கினாலும் அழியாது. கண்ணால் பார்த்தோ வளையத்தை அளந்தோ நஞ்சு சுரக்கும் வகையைப் பிரித்தறிய முடியாது. கறுப்பு அஸ்பெர்ஜில்லஸ்களை இனம் காண்பதற்கே பூஞ்சைகளுக்கு வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்னும் மரபணுப் பகுதி போதாமல், கால்மோடியூலின் மரபணுவையும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆலைகள் ஒரு வகையைத் தேர்ந்து, நஞ்சு சுரக்கவில்லை என்று உறுதிசெய்து, தொட்டிகளில் வளர்த்து, பூஞ்சை உடலை முழுவதும் நீக்கி, மீநுண் வடிகட்டலில் செறிவாக்கி விற்கின்றன. நாம் அவர்களிடம் பணம் கொடுத்து வாங்குவதில் பாதி அந்த உறுதிதான்.


பதில்: மாங்கூழ்க்காரன்

அக்கா, ஆய்வகர் ஐயா சொன்னதற்கு மேல் பூஞ்சையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது இங்கே ஒரு பான ஆலையில் வேலை பார்க்கிறேன் என்பதால், சாறு பிழியும் பக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல முடியும்.

பழம் பழுக்கப் பழுக்க, கரையாத பெக்டின் கரையும் பெக்டினாக மாறுகிறது. அதனால்தான் நன்கு கனிந்த கொய்யா காயைவிட அதிகமாக வழவழக்கிறது. பெக்டினேஸ் என்று விற்கப்படுவதும் தனி ஒரு நொதி அன்று. நீண்ட பெக்டின் சங்கிலியை நடுவில் வெட்டும் பாலிகேலக்டியூரோனேஸ், சங்கிலியில் தொங்கும் மீதைல் குழுக்களைக் கழற்றும் பெக்டின் எஸ்டரேஸ், அவற்றைக் கழற்றாமலேயே வெட்டும் பெக்டின் லையேஸ் ஆகியவை அதில் கலந்திருக்கும். நடுவில் ஒருசில இடங்களில் வெட்டு விழுந்தாலே கூழின் பிசுபிசுப்பு சட்டென்று குறைந்துவிடும்.

ஆலையில் பழத்தை அரைத்து, முதலில் சற்று நேரம் 85 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். பழத்தை நிறம் கறுக்கச் செய்யும் அதன் சொந்த நொதிகளும் கிருமிகளும் அதில் அடங்கிவிடும். பிறகு 45 முதல் 50 டிகிரிக்கு ஆறவைத்து, பெக்டினேஸைச் சேர்த்து ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கிளறிவிட்டுப் பிழிவார்கள். இறுதியில் மறுபடியும் சூடாக்கி நொதியின் வேலையை நிறுத்துவார்கள். உங்கள் கடையில் இதை அப்படியே செய்தால், பச்சைக் கொய்யாவின் மணம் போய், வெந்த கொய்யாவின் மணம் வந்துவிடும். உடனே பிழிந்து கொடுப்பதால்தான் உங்களிடம் வருகிறார்கள் என்றால் இது உங்களுக்கு நட்டம். சூடாக்காமல் அறைவெப்பத்தில் விட்டால் நொதி மெதுவாக வேலை செய்யும், அதற்குள் கிருமிகள் விரைவாகப் பெருகும். 5 முதல் 60 டிகிரி வரை உணவுக்கு ஆபத்தான வெப்பநிலை என்று உணவுக் கடைக்காரர்களுக்கான பயிற்சியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆகவே சிறு சிறு அளவாக எடுத்து, 45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் மட்டும் வைத்துப் பிழிந்து, உடனே குளிரூட்டி, அன்றே விற்றுவிடுவதுதான் கடைக்கு ஒத்துவரும்.

பெக்டின் தீர்ந்துவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வடிகட்டிய சாற்றில் ஒரு பங்கை எடுத்து, சிறிதளவு அமிலம் கலந்த எத்தனால் இரண்டு பங்கு சேர்த்துச் சில நிமிடம் விட்டால், பெக்டின் மீந்திருக்கும் சாற்றில் ஜெல்லிபோன்ற கட்டிகள் மிதக்கும். சோதித்த சாற்றைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் உங்களுக்கு அதுவரை போகத் தேவையில்லை. ஆப்பிள் சாறு கண்ணாடிபோல் தெளிய வேண்டும். கொய்யாச் சாறு கலங்கலாக இருந்தால்தான் நம்மவர் குடிப்பார். நொதி அளவுக்கு மீறி வேலை செய்தால் கலங்கல் அடியில் படிந்து, மேலே சப்பென்ற நீர் நிற்கும். சவர்சாப்பைப் பொறுத்தவரை, விதை ஒன்றுகூட அரைபடக் கூடாது, அதில் நச்சுப் பொருள் உண்டு.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆலைகளில் ஒரு டன் பழக்கூழுக்குச் சில பத்து மில்லியிலிருந்து சில நூறு மில்லி வரைதான் நொதி செலவாகும். நாளுக்கு இருபது கிலோ கொய்யா பிழியும் கடைக்கு அது சொட்டுக் கணக்கு. உணவுத் தரச் சான்றோடு வரும் சிறு புட்டி ஒன்று பல மாதம் வரும். அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.


பதில்: பாசிர் ரிஸ் தம்பி

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இவ்வளவு அச்சம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வீட்டில் பிரஷர் குக்கரிலேயே தவிட்டை அவித்து, புளித்துப்போன அன்னாசிப் பழத்தில் இருந்த பூஞ்சையை அதில் வளர்த்துப் பார்த்தேன், நன்றாகவே வளர்ந்தது. தெம்பே என்னும் சோயா அவரைக் கட்டியும் சோயா சாஸும் காலங்காலமாகப் பூஞ்சையை வைத்துத்தானே செய்யப்படுகின்றன? அவற்றைச் செய்தவர்கள் எல்லாரும் மரபணுவையா படித்தார்கள்?


பதில்: ஓய்வுபெற்ற ஆய்வகர்

தம்பி, குக்கரைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. 15 பவுண்டு அழுத்தத்தில் அதற்குள்ளும் 121 டிகிரிதான். சிக்கல் அவித்த பிறகுதான் தொடங்குகிறது. நன்றாக வித்து விட்ட அஸ்பெர்ஜில்லஸ் குடுவையை ஒருமுறை திறந்தால் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் பறந்து வீடு முழுவதும் பரவும். வீவக அடுக்குமாடி வீட்டில் மின்விசிறி சுழலாத அறை எது? ஆஸ்துமா உள்ளவரோ, நோய் எதிர்ப்பு குன்றிய முதியவரோ அதே வீட்டில் இருந்தால், அவர்களுடைய நுரையீரலுக்கு அது உண்மையான ஆபத்து. ஆய்வகத்தில் காற்று வடிகட்டி பொருத்திய பாதுகாப்புப் பேழைக்குள் திறப்பதும், முடிந்தபின் குடுவையோடு அவித்துக் கொல்வதும் இதற்காகத்தான். நீங்கள் வளர்த்ததைத் திறக்காமலேயே குக்கரில் அரை மணி நேரம் அவித்துவிட்டு எறியுங்கள்.

தெம்பேயையும் சோயா சாஸையும் சொன்னது நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம் நிற்கும் எடுத்துக்காட்டு. அவற்றைச் செய்தவர்கள் ஒவ்வொரு முறையும் கிடைத்த பூஞ்சையைப் பிடித்துப் போடவில்லை. முந்தைய தொகுதியிலிருந்து நல்லதை மட்டும் எடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தினார்கள். சோயா சாஸ் செய்யப் பயன்படும் கோஜிப் பூஞ்சையான அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸுக்கு மிக நெருங்கிய உறவு. ஒன்று சமையலறைக்கு வந்தது, மற்றது நிலக்கடலையைக் கெடுக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோக்கிச்சி தகாமினே 1894-இல் அமெரிக்காவில் பூஞ்சை நொதிக்குக் காப்புரிமை பெற்றபோது, கோதுமைத் தவிட்டில் அவர் வளர்த்ததும் ஜப்பானியர் நெடுங்காலம் உண்டு பழகிய கோஜியைத்தான்.

இதில் சகோதரியின் மகளுக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. கடையில் கிடைக்கும் கோஜி வித்தை வாங்கி, தன் கொய்யாப் பூஞ்சையோடு அதே தவிட்டில், அதே நாளில் வளர்த்து ஒப்பிடட்டும். கோஜியும் ஓரளவு பெக்டினேஸ் சுரக்கும். ஒப்பீடு இருந்தால்தான் தன் பூஞ்சை உண்மையிலேயே வலியதா என்று அவளால் சொல்ல முடியும்.


பதில்: கிளமெண்டி வாசகி

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா எச்சரித்தபடியே நடந்தது. பெக்டின் அகாரில், முன்பு பெரிய வளையம் காட்டிய கறுப்புப் பூஞ்சை மெல்லிய கோட்டளவே காட்டியிருக்கிறது. மாம்பழக் காம்பில் இருந்த, நாங்கள் யாரும் பொருட்படுத்தாத சாம்பல் பச்சைப் பூஞ்சைதான் அகன்ற வளையத்தைத் தந்தது. மகளுக்கு முதலில் அழுகையே வந்துவிட்டது, பிறகு ஆசிரியரிடம் பேசி அதையே எடுத்துக்கொண்டாள். கடைக்கு மாங்கூழ்க்காரத் தம்பி சொன்னபடி உணவுத் தர நொதிப் புட்டி வாங்கியாகிவிட்டது. கொய்யா இப்போது துணியில் நிற்பதில்லை, என் கணவரும் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது மகளுக்கு ஒரு புதிய குழப்பம். நொதியின் வலிமையை, சர்க்கரையோடு சேர்ந்தால் நிறம் ஏறும் டிஎன்எஸ் என்னும் வினைப்பொருளைக் கொண்டு, விடுபடும் சர்க்கரையை அளந்து கணக்கிடுகிறாள். நொதிக் கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்தபின் அளந்தாலும் நிறம் கணிசமாக ஏறுகிறதாம். நொதி சாகவில்லையா, அல்லது கணக்கில் பிழையா என்று தெரியவில்லை.


பதில்: ஓய்வுபெற்ற ஆய்வகர்

பெரும்பாலும் நொதி செத்திருக்கும். நிறம் தருவது தவிட்டிலிருந்தே கரைந்து வந்த சர்க்கரையாக இருக்க வேண்டும். தவிட்டு நீரில் ஒடுக்கும் சர்க்கரைகள் ஏராளமாக உண்டு, டிஎன்எஸ் அவற்றையும் பெக்டினிலிருந்து விடுபட்டவற்றையும் வேறுபடுத்தாது. கொதிக்கவைத்த கரைசலைப் பெக்டினோடு சேர்த்து அளந்த எண்ணை, கொதிக்காத கரைசல் தரும் எண்ணிலிருந்து கழித்தால் கிடைப்பதே நொதியின் உண்மையான வேலை. கொதிக்கவைத்ததையே தொடக்கத்திலும் முப்பது நிமிடம் கழித்தும் அளக்கட்டும். எண் ஏறாமல் நின்றால் நொதி செத்தது உறுதியாகிவிடும். தவிட்டுச் சர்க்கரை தரும் அந்தப் பின்னணி எண் மிக உயரமாக இருந்தால், கரைசலை ஊடுபிரிப்புப் பையில் இட்டுக் குளிர்பெட்டியில் ஓரிரவு தாங்கல் கரைசலில் மிதக்கவிட வேண்டும். சிறிய சர்க்கரை மூலக்கூறுகள் வெளியேறிவிடும், பெரிய நொதி மூலக்கூறுகள் பைக்குள் தங்கும்.

டிஎன்எஸ் எண்ணோடு பிசுபிசுப்பையும் அளந்தால் சாறு பிழிவதற்கு நெருக்கமான செய்தி கிடைக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு பெக்டின் கரைசல் ஒரு பிப்பெட்டில் இரண்டு கோடுகளுக்கிடையே இறங்க எடுக்கும் விநாடிகளை, நொதி சேர்க்கும் முன்னும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பின்னும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும் நேரம் சட்டென்று குறைந்து, சர்க்கரை மட்டும் மெதுவாக ஏறினால், சங்கிலியை நடுவில் வெட்டும் நொதி மிகுந்திருக்கிறது என்று பொருள். கூழைப் பிழிவதற்கு நமக்கு வேண்டியது அந்த நொதிதான்.

அந்தச் சாம்பல் பச்சைப் பூஞ்சையை அகாரிலிருந்து அகாருக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், நாளடைவில் சுரப்பு குன்றக்கூடும். வித்துகளை நூற்றுக்கு இருபது பங்கு கிளிசரால் கரைசலில் கலந்து, சிறு குப்பிகளில் பிரித்து, ஆய்வகத்தின் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இப்போதே போட்டுவைக்கட்டும். குப்பியின் மேல் தேதியையும், எந்தப் பழத்தில் எடுத்தது என்பதையும் மைப்பேனாவில் எழுதாமல், உறைபனியில் அழியாத பேனாவில் எழுத வேண்டும்.